உப்புமூட்டை: ஒரு பழுது அறிக்கை

மின்வாரியத்தில் 36 வருடம் இருந்தவன் நான். ஃபீடர் ட்ரிப் ஆனால், அதாவது ஊருக்கு மின்சாரம் கொண்டு போகிற லைன் பழுதால் தானாக அணைந்துபோனால், எத்தனை மணிக்கு ஆனது, என்ன காரணம், யார் போய்ப் பார்த்தது, எத்தனை மணிக்குச் சப்ளை கொடுத்தோம், இனி ஆகாமலிருக்க என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுத்தே கை பழகிவிட்டது. 2023-இல் ஓய்வு பெற்றபோது இனி இந்த எழுத்து வேலை இல்லை என்று நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன். அடுத்த வருடமே வீட்டுக்குள் ஒரு ட்ரிப். 82 வயது அம்மா ஒரு வாரம் எங்கள் அம்மாவாக இல்லை. ஏன் அப்படி ஆனது என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், செய்வினை என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார், அதனால் நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். படிவத்துக்குள் அடங்கவில்லை, அங்கங்கே வழிந்திருக்கும்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நாங்கள் ஏன் மூன்று நாள் ஏமாந்தோம் என்பது புரியாது. அம்மா வேதாரண்யத்துக்காரி. தாத்தா அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது அங்கேதான், அதனால் அம்மா ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தால் காந்திக்கு அடுத்தது எங்கள் தாத்தா என்கிற அளவுக்குப் போகும். (தாத்தாவுக்கு அப்போது எட்டு வயது. கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போய் அடி வாங்கினார் என்பது உண்மை, ஆனால் அடித்தது போலீஸ் இல்லை, அவருடைய அப்பா.) இப்போது அம்மா எங்களோடு திருத்துறைப்பூண்டியில் இருக்கிறாள். பிரஷர் உண்டு, சுகர் உண்டு, காது மந்தம், அதிலும் தனக்கு வேண்டாத பேச்சு என்றால் இன்னும் கொஞ்சம் மந்தம்.

நாளுக்கு ஓர் அறை என்று ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் அஞ்சறைப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். "முன்ன கடுகு, சீரகம். இப்ப பிரஷர், சுகர். அதுல தாளிச்சா வாசனையாவது வரும்." பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றிக் காற்று அடித்தால் "எந்த வீலுடா பஞ்சர், முன்னயா பின்னயா?" என்பாள். பல் செட் வாங்கி வந்த அன்று அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னைப் பார்த்து இளிக்குதே, நான் என்ன கடனா வாங்கியிருக்கேன்?" என்றாள். (வாங்கியது நான்தான், தவணையில்.)

இப்படி எதையாவது சொல்லிவிட்டு உடனே நம் முகத்தைப் பார்ப்பாள். அவள் உதடு அசையாது, கண் மட்டும் காத்துக்கொண்டிருக்கும், நாம் சிரித்த பிறகுதான் அந்தப் பக்கம் திரும்புவாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. பிரஷர் 170-க்கு 90 இருந்தது. எப்போதும் பார்க்கிற டாக்டர் மாத்திரையை மாற்றினார். பழைய மருந்தோடு குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம் சேர்த்த மாத்திரை. சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றி பிரஷரைக் குறைக்கிற வகை. நல்ல மருந்துதான், விலை குறைந்தது, எத்தனையோ பேர் வருடக்கணக்கில் போடுகிறார்கள், அதனால் டாக்டரைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க பாட்டி."

கொஞ்சம் என்கிற வார்த்தை அம்மாவின் மந்தமான காதில் விழவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அறிவித்துவிட்டாள். "உப்பை எடுக்க ராஜாஜி சத்தியாக்கிரகம் பண்ணாரு, நான் உப்பை விடுறதுக்குப் பண்றேன்." நாங்கள் சிரித்தோம். அவளும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் சொன்னபடியே செய்தாள். சாம்பார் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், அப்பளம் வேண்டாம். உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்குமா? இரண்டே நாளில் சோறும் வேண்டாம், கஞ்சி போதும் என்று ஆனது. மூன்று வேளையும் கஞ்சி, கூட உப்புப் போடாத மோர். பருப்பு, முட்டை எல்லாம் தானாக நின்றுபோனது.

இதற்கு நடுவில் என் கைங்கரியம் ஒன்று. வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே தெரியாது, தண்ணீர் குறைந்தால் அவர்களுக்கு மூளை குழம்பிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அது பொய்யும் இல்லை. நான் ஒரு லிட்டர் பிடிக்கிற செம்புப் பாட்டில் வாங்கி வந்து, ஒரு நாளைக்கு மூன்று பாட்டில் காலியாக வேண்டும் என்று கணக்கு வைத்தேன், காலண்டரில் கோடு போட்டுக் குறித்தேன். அம்மா குழம்பிவிடக் கூடாது என்று நானே கணக்குப் போட்டு ஊற்றிய தண்ணீர் அது.

அக்டோபர் இரண்டாவது வாரம் நடை தள்ளாடியது. குமட்டல் என்றாள். பக்கத்து வீட்டுப் பையன் பெயரை மறந்தாள். வயதாகிவிட்டது என்றோம். ஒரு லைனில் வோல்டேஜ் இறங்கினால் மரம் உரசுகிறதா, ஜம்பர் என்கிற இணைப்புக் கம்பி சுட்டிருக்கிறதா என்று பார்க்காமல் லைனுக்கு வயதாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

21-ஆம் தேதி, திங்கள் காலை. என் மனைவியைக் கூப்பிட்டு, "ஏம்மா, உப்பளத்து ஆளுங்க எட்டுப் பேரு வந்து திண்ணையில உக்காந்திருக்காங்க, இலையைப் போடு" என்றாள். எங்கள் வீட்டில் திண்ணையே கிடையாது. என் மகன், "எட்டு இலையும் எனக்கே போடுங்க அப்பாயி" என்றான். எல்லோரும் சிரித்தோம். மத்தியானம் சரியாகத்தான் இருந்தாள், கஞ்சி குடித்தாள், தூங்கினாள். செவ்வாய்க்கிழமை டிவி ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்து, யாரோ ஒரு சித்தப்பாவிடம் பேச ஆரம்பித்தாள், அரிசி விலை கேட்டாள், நடுநடுவே "ம்... ம்..." வேறு. நான் அதை வீடியோ எடுத்தேன். எடுத்ததோடு விடாமல் குடும்பக் குழுவில் போட்டேன். பதினேழு சிரிப்புப் பொம்மைகள் வந்தன. சென்னையில் இருக்கும் தங்கை, "அம்மா ஃபுல் ஃபார்ம்ல இருக்கா" என்று எழுதினாள்.

ஒரு லைன் ட்ரிப் ஆனால் ஒருமுறை டெஸ்ட் சார்ஜ் பண்ணி, அதாவது சோதனைக்கு மறுபடி கரண்ட் விட்டுப் பார்ப்போம். மறுபடி அணையாமல் தாங்கி நின்றுவிட்டால், ஏதோ காக்கா உட்கார்ந்திருக்கும், காற்றில் கிளை பட்டிருக்கும் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அம்மாவும் அப்படித்தான் ட்ரிப் ஆகி ட்ரிப் ஆகி நின்றுகொண்டிருந்தாள். காலையில் உளறினால் மத்தியானம் தெளிவாக இருப்பாள், சாயங்காலம் மறுபடி. அந்தத் தெளிவான இரண்டு மணி நேரத்தைப் பார்த்து நாங்கள் சமாதானம் ஆகிவிடுவோம். இந்த ஏற்ற இறக்கம்தான் இந்த நோய்க்கு முக்கிய அடையாளம் என்று பிறகு டாக்டர் சொன்னார். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும், எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இது மணிக்கணக்கில் வரும், நாளுக்குள் ஏறி இறங்கும். டெலிரியம், திடீரென்று வருகிற மூளைக் குழப்பம் என்றார். எதிர்வீட்டுப் பெரியம்மா மூன்று நாள் முன்னாலேயே "இது ஜன்னி மாதிரி இருக்குடா தம்பி" என்று சொல்லியிருந்தார், காய்ச்சல் இல்லையே என்று நான் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மனைவிதான் கண்டுபிடித்தாள். அடுப்படியில் தீபாவளி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, அத்தை எதையோ சொல்றாங்க, சரி. ஆனா சொல்லிட்டு என் முகத்தைப் பார்க்கலைங்க." எனக்குச் சுருக்கென்றது. வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ரிமோட்டில் பேசுகிறாள், நாங்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது நகைச்சுவையே இல்லை. நாங்கள் சிரித்ததால் அப்படித் தெரிந்தது.

சுகர் குறைந்திருக்குமோ என்று வீட்டு மிஷினில் பார்த்தோம். 148. அது சரியாக இருந்ததால் இன்னும் ஒரு ராத்திரி போனது. அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது. அம்மா தூங்கவே இல்லை. புடவையில் இல்லாத நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே இலைகூட அசையவில்லை, அம்மா காதைப் பொத்திக்கொண்டு "காத்து நின்னுச்சா, காத்து நின்னுச்சா?" என்று கேட்டாள். இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எடுக்கப் போனாள். "செவலையை அவுத்து விடுங்கடா, கட்டிப் போட்டிருக்கே, அவுத்து விடுங்கடா."

செவலை நாங்கள் வளர்த்த பசு. 1977 நவம்பரில் செத்துப் போனது.

வியாழன் விடியற்காலை வாந்தி. அப்புறம் ஒரே மயக்கம், கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். வண்டி வைத்துத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். பக்கவாதமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை, வயதுக்கேற்ற சுருக்கம் மட்டும். சிறுநீரில் கிருமி இல்லை. டாக்டர் இளம் வயதுக்காரர், அம்மாவைத் தட்டி எழுப்பி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள் என்றார். அம்மா, "ஞாயிறு... சனி... வெள்ளி... வெள்ளி... வெள்ளிக் கிண்ணத்தை எங்கே வெச்சீங்க?" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. நானும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மனதை ஒன்றில் நிறுத்தி வைக்க முடிகிறதா என்று பார்க்கிற சோதனையாம் அது.

பதினொரு மணிக்கு ரத்த ரிப்போர்ட் வந்தது. சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கிற உப்பின் அளவு, 114. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. 125-க்குக் கீழே போனாலே ஆபத்துப் பக்கம். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, என்னென்ன மாத்திரை, எப்போதிலிருந்து, என்ன சாப்பாடு, எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் காலண்டர் கோட்டுக் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். டிஸ்ட்ரிபியூஷன் டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸுக்குப் பதில் கம்பியைக் கட்டியவனை நான் பார்க்கிற அதே பார்வை.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். உப்புக் குறைந்துவிட்டது என்று சொன்னாலும், இதில் பெரும்பாலும் தண்ணீர் கூடிப்போனதுதான் கதை. குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் வெறும் தண்ணீராகத் தள்ளிவிட முடியாது, கூடவே கொஞ்சம் உப்பும், புரதம் செரித்து வருகிற யூரியாவும் போக வேண்டும். கஞ்சி மட்டும் குடிக்கிறவர் உடம்பில் அந்தச் சரக்கு இல்லை. போதாததற்கு, சிறுநீரைத் தண்ணீராக நீர்க்க வைக்கிற வேலையை நடத்துகிற இடத்தில்தான் குளோர்தலிடோன் போய்க் கதவடைக்கிறது. வயதான, ஒல்லியான பெண்களுக்கு இது நேர வாய்ப்பு அதிகம். அம்மா 43 கிலோ. வெளியே போக முடியாத தண்ணீர் உடம்பில் பரவி, மூளை அணுக்களுக்குள்ளும் போய் அதை வீங்க வைக்கிறது. மற்ற இடமாக இருந்தால் வீங்கிவிட்டுப் போகட்டும், மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் ஏது?

ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூன்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அம்மாவின் பாதி என் கையில் இருக்கிற மாதிரி இருந்தது. மறுநாள் டாக்டரே, கண்ணாடியையும் காது மிஷினையும் திருப்பிக் கொடுங்கள், பார்வையும் காதும் இல்லாவிட்டால் குழப்பம் கூடும், தெரிந்த முகம் ஒன்று அடிக்கடி வந்து பேசட்டும் என்று சொல்லிவிட்டார். பல் மட்டும் என்னிடமே இருந்தது.

ஏற்றியது 3 சதவீத உப்பு நீர். கடல் தண்ணீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், ஆக வேதாரண்யத்துக்காரிக்குக் கிட்டத்தட்டக் கடலையே ஏற்றினார்கள். ஆனால் சொட்டுச் சொட்டாக, அளந்து. சீக்கிரம் ஏற்றி முடித்துவிடலாமே என்று என் மகன் கேட்டான். கூடாது. 24 மணி நேரத்தில் சோடியம் 8 புள்ளிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். குறைந்த உப்புக்கு மூளை பல நாளாகப் பழகியிருக்கும், திடீரென்று ஏற்றினால் மூளைத் தண்டில் நரம்பு உறைகள் சிதைந்து, பேச்சும் விழுங்குவதும் கை கால் அசைவும் போய்விடலாம், அதுவும் உடனே தெரியாது, சில நாள் கழித்துத் தெரியும். எனக்கு இது உடனே புரிந்தது. 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு நான் மன்னார்குடிப் பக்கம் வேலையில் இருந்தேன். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் இருட்டில் கிடந்த ஊருக்குச் சப்ளை கொடுக்கும்போது எல்லா ஃபீடரையும் ஒரே நேரத்தில் போட மாட்டோம். ஒன்று போட்டு, பொறுத்துப் பார்த்து, அடுத்தது. ஜனங்கள் கூடி நின்று திட்டுவார்கள், ஆனாலும் அப்படித்தான் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. அந்த மாத்திரையை நிறுத்தியதும் சிறுநீரகம் விழித்துக்கொண்டு தண்ணீரைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. சோடியம் நினைத்ததைவிட வேகமாக ஏறுகிறது என்று உப்பு நீரை நிறுத்திவிட்டு, உப்பே இல்லாத குளுக்கோஸ் தண்ணீரை ஏற்றினார்கள். நான் சிஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். "தண்ணி கூடிப்போச்சுன்னு சேர்த்தோம், நீங்க தண்ணியே ஏத்துறீங்களே?" அந்தப் பெண் பொறுமையாக, "பிரேக் பிடிக்கிறோம் சார்" என்றது. அவ்வளவுதான், நான் போய் உட்கார்ந்துவிட்டேன். வியாழன் 114, வெள்ளி 121, சனி 127, ஞாயிறு 131. பில் தொகையை எழுதவில்லை, எழுதினால் எனக்கு பிரஷர் ஏறும்.

இனி படிவத்தில் இல்லாத பகுதி.

வியாழன் ராத்திரி முழுக்க அம்மா "உப்புமூட்டை நழுவுது, உப்புமூட்டை நழுவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். சிஸ்டருக்கு ஒரே ஆச்சரியம், பாட்டிக்குத் தன் உடம்பில் உப்பு இறங்குவது எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அது உப்பு இல்லை. 1977 நவம்பர் 12 விடிவதற்கு முன்னால் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரையைக் கடந்தது. தீபாவளி முடிந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது, பலகாரத் தூக்கு இன்னும் காலியாகவில்லை. ஓட்டு வீடு, உப்பளத்துக்குப் பக்கம். ஓடு பறக்க ஆரம்பித்ததும் அப்பா அரிக்கேன் விளக்கோடு முன்னால் போக, நான் அரிசிப் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுவில், அம்மா ஐந்து வயதுத் தங்கையை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு பின்னால். பள்ளிக்கூடத்துக் கட்டடம் அரைக் கிலோமீட்டர்தான். விளக்கு முதல் நிமிஷமே அணைந்தது. இடுப்பளவு தண்ணீரில் தங்கை நழுவி நழுவி இறங்கியதும், அம்மா குனிந்து குனிந்து அவளை ஏற்றிக்கொண்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஓடி வந்திருந்த அந்த உப்புமூட்டைக்கு இப்போது 52 வயது, ஐ.சி.யு. வாசலில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொன்னேன். அழுதுவிட்டாள். வீடியோவுக்குச் சிரித்ததற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது செவலை. அன்று சாயங்காலம் காற்று வலுக்கும்போதே, மாட்டை அவிழ்த்து விட்டுவிடு, அது எங்காவது மேட்டில் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. எனக்கு வயது 14, இருட்டுக்குப் பயம், அப்புறம் போகலாம் என்று இருந்துவிட்டேன், அதற்குப் பிறகு போக முடியவில்லை. மறுநாள் சுவர் இடிந்த இடத்தில் கயிற்றோடு கிடந்தது. அப்பா கோபக்காரர், அன்றைக்குத் தோலை உரித்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. புயல் தந்த அதிர்ச்சியில் மறந்துவிட்டார் என்று 47 வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து 15 வருடம் ஆகிறது.

வெள்ளி காலை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அம்மா என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, நாளாக நாளாக எனக்கும் அவர் ஜாடை வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அவனை ஒண்ணும் கேக்காதீங்க. அவுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். காத்துல ஓடிப்போயிரும்னு நான்தான் சொன்னேன்."

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. என்னிடம் யாரும் அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. டெலிரியத்தில் பேசுவதை எல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எட்டு இலை கேட்ட அதே வாய்தான் இதுவும் என்று எனக்குத் தெரியும். தங்கையிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "புயலுக்கு அப்புறம் ரொம்ப நாள் அப்பா அம்மாகூடப் பேசல, சோத்தைத் தானே போட்டுக்கிட்டாரு, அது ஞாபகம் இருக்கு அண்ணா, வீடு போன கவலைன்னு நெனச்சேன்" என்றாள். எனக்கும் ஞாபகம் வந்தது.

28-ஆம் தேதி திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தோம், சோடியம் 132. தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். செவ்வாயிலிருந்து சனி வரைக்கும் அம்மாவுக்குத் துளியும் ஞாபகம் இல்லை. சனி சாயங்காலம்தான் முழுசாகத் தெளிந்தாள். டாக்டர் மறுபடி கிழமை கேட்டார், சொல்லிவிட்டாள். தமிழ் மாதம் சொல்லட்டுமா என்று தானே ஆரம்பித்து, பங்குனி, மாசி, தை என்று பின்னால் வந்தவள் ஆடியில் நிறுத்தினாள். டாக்டர் கவலையோடு குனிந்தார். "ஆடியில தங்கக் கூடாது, மேல போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பொறுத்தவரை சப்ளை வந்த நேரம் அதுதான்: 26-10-2024, மாலை 5.40.

ரிமோட் வீடியோவை அம்மாவுக்குக் காட்ட வேண்டாம் என்று தங்கை சொன்னாள், ஆனால் யாரோ உளறி, அம்மா கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டாள். முழுசாகப் பார்த்தாள். "அரிசி விலை என்னன்னு அவன் சொல்லவே இல்ல பாரு" என்றாள். அப்புறம், "சிரிச்ச பொம்மை பதினேழும் யாரு யாருன்னு எழுதி வை, தீபாவளிக்கு ஒருத்தனுக்கும் முறுக்கு கிடையாது." பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

காரணம் என்ன என்று அவளுக்கு நான் விளக்க முயன்றேன். சிறுநீரகம், யூரியா என்று ஆரம்பித்ததும் கையை ஆட்டி நிறுத்தினாள். தாத்தா தண்ணீரில் உப்பின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கிற கண்ணாடிக் குழாயைப் பாத்தியில் மிதக்க விட்டுப் பார்ப்பார், கடல் தண்ணீர் மூன்று டிகிரி காட்டும், வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரி வந்தால்தான் உப்புப் பூக்கும், அந்த நேரத்தில் ஒரு மழை அடித்தால் குழாய் அப்படியே உள்ளே இறங்கிவிடும், உப்பு எங்கேயும் போயிருக்காது, ஆனால் வார முடியாது என்று அவளே சொன்னாள். "பாத்தியில மழை பேஞ்சிடுச்சுன்னு சொல்லு. அதை விட்டுட்டு ஈயம், பித்தளைன்னு ஏதேதோ சொல்றே." அந்த டாக்டர் அரை மணி நேரம் சொன்னது இதில் அடங்கிவிட்டது. மழை பெய்தது செம்புப் பாட்டிலிலிருந்து என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

பழுதுக்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று எழுத முடியாது, பெரும்பாலான பழுதுகளுக்கு அப்படித்தான். மாத்திரை தனியாக வந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பாள். சத்தியாக்கிரகம் மட்டும் இருந்திருந்தால் வாய்தான் சப்பென்று இருந்திருக்கும். மூன்று லிட்டர் தண்ணீர் மட்டும் என்றால் பாத்ரூமுக்கு நடந்திருப்பாள், அவ்வளவுதான். மூன்றும் ஒரே மூன்று வாரத்தில் சேர்ந்தன. இந்த வகை மாத்திரையை வயதானவர்களுக்கு ஆரம்பித்தால் ஓரிரு வாரத்தில் சோடியமும் பொட்டாசியமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அது நடக்கவில்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டும், எங்களுக்குத் தெரியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். போய் ரத்தத்தைப் பாருங்கள், அதற்குப் பெரிய செலவில்லை.)

இப்போது பிரஷருக்கு அம்லோடிபின் என்கிற வேறு மாத்திரை போடுகிறாள். அதில் கணுக்கால் கொஞ்சம் வீங்குகிறது. "தலை வீங்குறதுக்குக் கால் வீங்குறது தேவல" என்கிறாள். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், ஒரு சின்ன கரண்டி, அதை மனைவி காலையிலேயே ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள், எந்த வேளைக்கு எவ்வளவு என்பது அம்மாவின் பட்ஜெட். முட்டையும் பருப்பும் திரும்பி வந்தன. தண்ணீர் ஒன்றரை லிட்டர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். செம்புப் பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருக்கிறோம்.

செவலை விஷயத்தை அவளிடம் கேட்பதா வேண்டாமா என்று இரண்டு மாதத்துக்கு மேல் யோசித்தேன். மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் கொம்புக்கு வர்ணம் அடித்துப் போகிற மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். "ஏம்மா, அந்தப் புயல்ல, மாட்டை அவுக்க வேணாம்னு நீதான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொன்னியா?"

காது மிஷினைச் சரி செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எந்த மாட்டைக் கேக்குறே?" என்றாள். "அப்ப நம்ம வீட்டுல ரெண்டு இருந்துச்சு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.